கன்ட்ரோலர் எந்தப் பக்கம்? எக்ஸ்டி பிக்சர் கார்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

2002 ஜூலையில் ஒலிம்பஸும் ஃபூஜிஃபில்மும் சேர்ந்து எக்ஸ்டி பிக்சர் கார்டை அறிவித்தபோது, டிஜிட்டல் கேமராவுக்கான மெமரி கார்டுச் சந்தையில் ஏற்கெனவே நெரிசல். 1994-இல் சான்டிஸ்க் கொண்டுவந்த காம்பாக்ட் ஃபிளாஷ், 1995-இல் தோஷிபாவின் ஸ்மார்ட்மீடியா, 1997-இல் சான்டிஸ்கும் சீமென்ஸும் வெளியிட்ட மல்டிமீடியா கார்டு, 1998-இல் சோனியின் மெமரி ஸ்டிக், 1999-இல் பானசோனிக், தோஷிபா, சான்டிஸ்க் மூன்றும் கூட்டாக அறிவித்த எஸ்டி. மல்டிமீடியா கார்டு மெல்லியது என்பதால் எஸ்டி ஸ்லாட்டில் நுழையும். மற்றபடி ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று போகாது.

ஆறாவதாக வந்த எக்ஸ்டி எட்டு ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 2010 ஜனவரியில் ஒலிம்பஸ் அறிவித்த புதுக் கேமராக்கள் எஸ்டி கார்டை ஏற்றன. ஃபூஜிஃபில்ம் அதற்கு முன்பே நகரத் தொடங்கிவிட்டது.

விலை அதிகம், அதனால் தோற்றது என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்த விலை ஏன் இறங்கவில்லை? 8 ஜிபி வரை போகும் என்று சொல்லப்பட்ட கார்டு ஏன் 2 ஜிபியிலேயே நின்றது? ஒரு கேமராவில் ஒழுங்காக ஓடும் கார்டு இன்னொரு கேமராவில் ஏன் 'கார்டு எரர்' காட்டியது? மூன்றையும் தோண்டினால் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கிறோம். நினைவகச் சில்லை ஆளும் கன்ட்ரோலர் கார்டுக்குள் இல்லை, கேமராவுக்குள் இருந்தது. அந்த ஏற்பாடு எக்ஸ்டியில் தொடங்கியதும் அல்ல. ஸ்மார்ட்மீடியாவிடமிருந்து வந்த சொத்து.

ஸ்மார்ட்மீடியா விட்டுச் சென்றது

ஸ்மார்ட்மீடியாவின் முதல் பெயர் 'சாலிட் ஸ்டேட் ஃபிளாப்பி டிஸ்க் கார்டு'. ஃபிளாப்பியின் இடத்தைப் பிடிப்பதுதான் நோக்கம் என்பது பெயரிலேயே தெரிகிறது. 45 மி.மீ. நீளம், 37 மி.மீ. அகலம், 0.76 மி.மீ. தடிமன். கிட்டத்தட்ட ஏடிஎம் கார்டின் தடிமன்தான். உள்ளே மின்சாரம் போனாலும் தரவை வைத்திருக்கும் ஒரு நாண்ட் ஃபிளாஷ் சில்லு, வெளியே தங்க முலாம் பூசிய 22 தட்டையான தொடுமுனைகள். அவ்வளவுதான். ஃபிளாஷ் சில்லின் கால்களை நேரே வெளியே இழுத்துவிட்டது போன்ற அமைப்பு.

காம்பாக்ட் ஃபிளாஷ் இதற்கு நேர் எதிர். அதன் 3.3 மி.மீ. தடிமனுக்குள் ஃபிளாஷ் சில்லோடு ஒரு கன்ட்ரோலரும் உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது கணினியின் ஏடிஏ முறையில் இணையும் ஒரு ஹார்டு டிஸ்க். 'இத்தனையாவது செக்டரைக் கொடு' என்று கேமரா கேட்கும், கார்டு கொடுக்கும். உள்ளே எந்தச் சில்லு, அதில் எத்தனை பிளாக் பழுது என்பதெல்லாம் கேமராவுக்குத் தெரியவே வேண்டாம்.

நாண்ட் ஃபிளாஷை அப்படியே கையாள்வது லேசான வேலை அல்ல. படிப்பதும் எழுதுவதும் பேஜ் கணக்கில். ஸ்மார்ட்மீடியாவின் பெரும்பாலான கொள்ளளவுகளில் ஒரு பேஜ் 512 பைட், அதோடு 16 பைட் உபரிப் பகுதி. அழிப்பதோ பிளாக் கணக்கில். 32 பேஜ் சேர்ந்து ஒரு பிளாக், அதாவது 16 கேபி. ஒரு பேஜை மட்டும் தனியே அழித்து எழுத முடியாது. ஆகவே ஒரு கோப்பில் நாலு பைட் மாற வேண்டுமென்றாலும், அந்தப் பிளாக்கில் உள்ளதை எல்லாம் மாற்றத்தோடு சேர்த்து வேறொரு காலி பிளாக்கில் எழுதி, பழையதை அழிக்க வேண்டும். தரவைக் கேட்கும் எண், அதாவது தருக்க முகவரி, அதேதான்; இருப்பிடம்தான் மாறிவிட்டது. எது எங்கே போனது என்ற குறிப்பு ஒவ்வொரு பேஜின் உபரிப் பகுதியிலும் எழுதப்படும்.

இதற்கு மேல் பழுதுக் கணக்கு. 1024 பிளாக் கொண்டது ஒரு மண்டலம். அதில் 1000 மட்டுமே பயனருக்கு. மீதி 24 பழுதான பிளாக்குகளை ஈடுகட்டவும், மாற்றி எழுதும்போது கைமாற்றுக்கும். 16 எம்பி கார்டில் ஒரு மண்டலம், 128 எம்பி கார்டில் எட்டு. மண்டலம் விட்டு மண்டலம் கடன் வாங்க முடியாது. ஒரு மண்டலத்தில் உபரி தீர்ந்துபோனால் மற்ற ஏழில் இடம் இருந்தும் பயனில்லை.

பிழைதிருத்தத்துக்கு ஹாமிங் குறியீடு: 256 பைட்டுக்கு 3 பைட். அந்த 256 பைட்டுக்குள் ஒரு பிட் புரண்டால் திருத்தும், இரண்டு புரண்டால் 'தவறு இருக்கிறது' என்று மட்டும் சொல்லும்.

இத்தனையும் கேமராவுக்குள் பதிந்த மென்பொருளான ஃபர்ம்வேர் செய்ய வேண்டிய வேலைகள். 1995-இல் அது புத்திசாலித்தனமான முடிவாகத்தான் இருந்தது. கன்ட்ரோலர் ஒரு தனிச் செலவு. அதை ஒரே ஒருமுறை கேமராவில் வைத்துவிட்டால், வாங்கும் ஒவ்வொரு கார்டும் மலிவாகவும் மெல்லியதாகவும் இருக்கும். 1990-களின் இறுதியில் ஒலிம்பஸ், ஃபூஜிஃபில்ம் கேமராக்கள் பெரும்பாலும் ஸ்மார்ட்மீடியாவில்தான் ஓடின. 1998-இல் வந்த ரியோ பிஎம்பி300 எம்பி3 பிளேயரிலும் அதே ஸ்லாட்தான்.

சிக்கல் கொள்ளளவு ஏற ஏறத் தலைகாட்டியது. முதலில் மின்னழுத்தம்: 5 வோல்ட் கார்டு, 3.3 வோல்ட் கார்டு என்று இரண்டு வகை. மாற்றிச் செருகிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றுக்கு இடது மூலையையும் மற்றொன்றுக்கு வலது மூலையையும் வெட்டி வைத்தார்கள். அடுத்தது ஃபர்ம்வேர். கேமரா வெளியான ஆண்டில் இருந்த சில்லு வகைகளை மட்டுமே அதன் ஃபர்ம்வேர் அறியும். பிறகு வந்த 64 எம்பி, 128 எம்பி கார்டுகளைப் போட்டால் பழைய கேமரா விழிக்கும். ஒரு சிலவற்றுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு கிடைத்தது, பலவற்றுக்கு இல்லை. 128 எம்பிக்கு மேல் ஸ்மார்ட்மீடியா வரவே இல்லை.

2002-இல் மாற்றியதும் மாற்றாததும்

ஆக, ஒலிம்பஸுக்கும் ஃபூஜிஃபில்முக்கும் புதுக் கார்டு கட்டாயம். ஸ்மார்ட்மீடியாவைக் கண்டுபிடித்த தோஷிபாவே எஸ்டி பக்கம் போய் மூன்று வருடமாகியிருந்தது. வாங்குகிறவர்களின் குறை என்னவென்றால், ஸ்மார்ட்மீடியா பெரிதாக இருக்கிறது, வளைகிறது. அந்தக் குறையை எக்ஸ்டி தீர்த்தது: 20 மி.மீ., 25 மி.மீ., தடிமன் சுமார் 1.7 மி.மீ. எஸ்டியின் 32 × 24 × 2.1 மி.மீ. அளவோடு ஒப்பிட்டால் அன்றைக்கு இதுதான் சின்னது. தொடுமுனைகள் 18. முதலில் 16 எம்பி முதல் 128 எம்பி வரை வந்தது.

உள்ளே மட்டும் பழைய கதைதான். அதே நாண்ட் சில்லு நேரடி இணைப்பு, அதே மண்டலக் கணக்கு, அதே ஹாமிங் குறியீடு. கேமராவின் கன்ட்ரோலர் வடிவமைப்பை அதிகம் மாற்றாமல் எக்ஸ்டிக்குத் தாவ முடிந்தது. இரண்டு நிறுவனங்களுக்கும் அதுதான் வசதி. முன்பு செய்த முதலீடு வீணாகவில்லை. ஒரு தலைமுறைக் கேமராவுக்கு லாபமான முடிவு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தச் சமயத்தில் எஸ்டி கார்டு என்ன செய்துகொண்டிருந்தது? ஒன்பது தொடுமுனை, அதில் நான்கு தரவுப் பாதை, தொடக்க வேகம் நொடிக்கு 12.5 எம்பி வரை, உள்ளேயே கன்ட்ரோலர். கூடவே எஸ்பிஐ என்ற எளிய பேச்சுமுறையும் உண்டு. நான்கைந்து கம்பிகளை இணைத்தால் மலிவான மைக்ரோகன்ட்ரோலர்கூட எஸ்டி கார்டைப் படித்துவிடும். கேமராவைத் தாண்டி வழிகாட்டிக் கருவி, பிரின்டர், குரல்பதிவுக் கருவி என்று எஸ்டி பரவியதில் இந்தச் சின்ன வசதிக்குப் பெரிய பங்கு உண்டு. எக்ஸ்டியை ஏற்க நினைக்கும் கருவி நிறுவனமோ முழு ஃபிளாஷ் நிர்வாகத்தையும் தன் ஃபர்ம்வேரில் எழுதியாக வேண்டும். இரண்டு கேமரா நிறுவனங்களின் கார்டுக்காக யார் அந்தப் பாடுபடுவார்கள்?

எக்ஸ்டியைத் தயாரித்ததும் தோஷிபாவும் சாம்சங்கும் மட்டும்தான். அட்டையில் ஒலிம்பஸ், ஃபூஜிஃபில்ம் என்று எந்தப் பெயர் இருந்தாலும் சில்லு இந்த இரண்டு ஆலைகளிலிருந்து வந்ததே. எஸ்டியில் கார்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விலையைக் குறைத்தபோது, எக்ஸ்டியின் விலை மெதுவாகத்தான் இறங்கியது.

எம்எல்சி வந்ததும் அறுந்த இடம்

உண்மையான முட்டுக்கட்டை 2005 வாக்கில். ஃபிளாஷ் தொழில் ஒரு செல்லில் ஒரு பிட் வைக்கும் எஸ்எல்சியிலிருந்து, இரண்டு பிட் வைக்கும் எம்எல்சிக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரே பரப்பில் இரட்டிப்புக் கொள்ளளவு என்றால் எஸ்எல்சியால் அதோடு விலையில் போட்டி போட முடியாது. ஆனால் ஒரு செல்லில் இரண்டு பிட் என்றால் நான்கு மின்னழுத்தப் படிகளைப் பிரித்தறிய வேண்டும். படிகளுக்கு நடுவே இடைவெளி குறையக் குறைய பிட்கள் அதிகம் புரளும். எழுதும் நேரமும் நீளும். ஒரு பிட் திருத்தும் ஹாமிங் குறியீடு இதற்குப் போதாது.

எஸ்டியில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலரை மாற்றினால் போதும். வலுவான பிழைதிருத்தம், பெரிய பேஜ், பெரிய பிளாக் எல்லாம் உள்ளுக்குள்ளேயே முடிந்துவிடும். கேமராவுக்கு எப்போதும் போல 512 பைட் செக்டர்தான் தெரியும். எக்ஸ்டியிலோ ஏற்கெனவே விற்றுப்போன கேமராக்களின் ஃபர்ம்வேரில் பழைய கணக்கு உறைந்து கிடக்கிறது. புதுச் சில்லைப் பழைய எதிர்பார்ப்புக்குள் திணித்தாக வேண்டும்.

அப்படித் திணித்ததில் பிறந்ததுதான் 'டைப் எம்'. 512 எம்பியில் நின்றிருந்த எக்ஸ்டி இதனால் 1 ஜிபிக்கும் பிறகு 2 ஜிபிக்கும் போனது. விலை: வேகம். முதல் வகைக் கார்டு (64 எம்பியும் அதற்கு மேலும்) நொடிக்கு சுமார் 3 எம்பி எழுதும். டைப் எம் சுமார் 2.5 எம்பி. புதிதாக வாங்கிய பெரிய கார்டு பழைய சின்னக் கார்டைவிட மெதுவாக இருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? தொடர்ச்சியாகப் படமெடுக்கும்போதும் வீடியோ எடுக்கும்போதும் இது பளிச்சென்று தெரிந்தது. உடனே வேகத்துக்கென்று 'டைப் எச்', சுமார் 4 எம்பி. பின்னர் 2008-இல் 'டைப் எம் பிளஸ்'. எந்த வகை எந்தக் கேமராவில் ஓடும் என்று இரண்டு நிறுவனங்களும் பொருத்தப் பட்டியல் வெளியிட வேண்டியிருந்தது. தபால்தலை அளவுக் கார்டுக்கு பக்கம் பக்கமாகப் பட்டியல்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எஸ்டியும் தன் பழைய கருவிகளைக் கைவிட்ட தருணம் உண்டு. முதல் எஸ்டி கார்டுகள் பைட் கணக்கில் முகவரி கேட்டன. 32 பிட் முகவரியில் 4 ஜிபிக்கு மேல் எண்ண முடியாது. 2006-இல் வந்த எஸ்டிஎச்சி 512 பைட் செக்டர் கணக்குக்கு மாறியது. வடிவம் அதே, ஸ்லாட்டில் நுழையும், ஆனால் பழைய கேமரா படிக்காது. அன்று கடைகளில் கிளம்பிய குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. வேறுபாடு என்னவென்றால், எஸ்டி ஒருமுறை உடைத்து 32 ஜிபி வரை வழி திறந்துகொண்டது. எக்ஸ்டி மூன்று முறை தடுமாறியும் 2 ஜிபியைத் தாண்டவில்லை.

சோனியின் பாதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் மெமரி ஸ்டிக்கிலும் பிளாக் முகவரிக் கணக்கு கருவியின் தலையில்தான். அதுவும் 128 எம்பியில்தான் முட்டி நின்றது. 2003-இல் சோனி விற்ற 'மெமரி ஸ்டிக் செலக்ட்' ஒரே குச்சிக்குள் இரண்டு 128 எம்பி பாதிகள்; பின்னால் உள்ள விசையைத் தள்ளி எந்தப் பாதி என்று பயனரே தேர்ந்தெடுக்க வேண்டும். அதே ஆண்டில் சான்டிஸ்கோடு சேர்ந்து மெமரி ஸ்டிக் ப்ரோவைக் கொண்டுவந்ததால் கொள்ளளவுச் சிக்கலிலிருந்து சோனி தப்பியது. பிஎஸ்பி விளையாட்டுக் கருவியும் கைகொடுத்தது. இருந்தும் 2010 ஜனவரியில் சோனியும் எஸ்டி கார்டை வெளியிடப்போவதாக அறிவித்தது. ஒலிம்பஸ் இறங்கிவந்த அதே மாதம்.

பயனரைச் சோதித்த சின்னச் சின்ன விஷயங்கள்

ஒலிம்பஸ் கேமராக்களின் பனோரமா வசதி ஒலிம்பஸ் பெயர் போட்ட எக்ஸ்டி கார்டில் மட்டுமே வேலைசெய்தது. கார்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் அடையாளத் தகவலைக் கேமரா பார்த்து முடிவுசெய்யும். தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே விலை அதிகமான கார்டில் இந்தப் பூட்டு வேறு எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை.

கணினியில் ஃபார்மேட் செய்வது அடுத்த பொறி. அந்த அடையாளத் தகவல் ஃபிளாஷின் முதல் நல்ல பிளாக்கில் இருக்கும். கோப்பு முறைமை அதற்குப் பின்னால் தொடங்கும். கார்டைக் கணினியோடு இணைக்கும் ரீடர் ஒழுங்காக வடிவமைக்கப்பட்டிருந்தால் அந்தப் பிளாக்கைத் தொடாது. ஒழுங்கில்லாத ரீடரில் ஃபார்மேட் கொடுத்தால் அது அழிந்துபோகும் அல்லது பகுப்பு அமைப்பு கேமரா எதிர்பார்ப்பதிலிருந்து மாறிவிடும். கணினியில் கார்டு நன்றாகத் தெரியும், கேமராவில் போட்டால் 'கார்டு எரர்'. பல கேமராக்கள் அந்த நிலையில் ஃபார்மேட் மெனுவைக்கூடக் காட்டாது.

மூன்றாவது, எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டை உருவுவது. புதுப் பிளாக் எழுதியாகிவிட்டது, பழையது இன்னும் அழியவில்லை என்ற நொடியில் மின்சாரம் போனால், இரண்டு பிளாக்குகள் ஒரே தருக்க முகவரிக்கு உரிமை கொண்டாடும். எதை நம்புவது என்பதை அடுத்துப் படிக்கும் கருவி முடிவுசெய்யும். கேமரா ஒன்றை நம்பும், ரீடர் மற்றொன்றை நம்பும். ஒரே கார்டு இரண்டு இடத்தில் இரண்டு விதமான கோப்புப் பட்டியல் காட்டினால் பெரும்பாலும் காரணம் இதுதான். அந்த நிலையில் கார்டில் எதையும் எழுதாமல் இருப்பது முக்கியம்.

இன்று கையில் ஒரு எக்ஸ்டி கார்டு இருந்தால்

முதலில் கார்டின் முகப்பைப் பாருங்கள். எம், எச், எம் பிளஸ் என்று எழுத்து இருந்தால் அந்த வகை. இல்லையென்றால் முதல் வகை. ரீடர் வாங்கும்போது இதைக் கவனிக்க வேண்டும். மிகப் பழைய ரீடர்கள் முதல் வகையை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றில் திணறும். இன்றைய ரீடர்களில் பெரும்பாலும் எஸ்டி, மைக்ரோ எஸ்டி ஸ்லாட்தான். எக்ஸ்டி என்று பெயர் குறிப்பிட்ட பழைய யுஎஸ்பி 2.0 பன்முக ரீடர் தேவை. எஸ்டி, மெமரி ஸ்டிக், எக்ஸ்டி மூன்றுக்கும் ஒரே வாய் உள்ள ரீடரில் எந்தப் பக்கம் மேலே என்று அதன் மீதுள்ள படத்தைப் பார்த்துச் செருகுங்கள். அழுத்தினால் உள்ளே இருக்கும் கம்பிமுனை வளைந்துவிடும்.

தொடுமுனைகள் மங்கியிருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் லேசாகத் தொட்டுத் துடையுங்கள். பத்து நிமிடம் காயவிட்டுச் செருகுங்கள். பென்சில் ரப்பர் வேண்டாம். தங்க முலாம் மெல்லியது, தேய்ந்தால் திரும்ப வராது.

செருகியதும் 'இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்ய வேண்டுமா' என்று விண்டோஸ் கேட்டால் ரத்து செய்யுங்கள். படங்கள் தெரிந்தால் நகலெடுத்துவிட்டு முடித்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் முதலில் கார்டு முழுவதையும் அப்படியே நகலெடுத்து ஒரே கோப்பாக (பிம்பக் கோப்பு) வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ இதற்கு ஏற்றது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து மறுபடி முயலும். 256 எம்பி கார்டு நல்ல நிலையில் இருந்தால் ஓரிரு நிமிட வேலை. பிறகு ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளை அந்தப் பிம்பத்தின் மீது ஓட்டுங்கள், கார்டின் மீது அல்ல. வரிசையாக எழுதப்பட்ட ஜேபெக் படங்கள் நன்றாக மீளும். படங்களை அழித்து அழித்து எடுத்த கார்டில் வீடியோக்கள் துண்டு துண்டாகச் சிதறியிருக்கும், அவை பெரும்பாலும் பாதியில் நிற்கும்.

ரீடர் எதுவும் ஒத்துழைக்காவிட்டால், கார்டு எந்தக் கேமராவில் எழுதப்பட்டதோ அதையே தேடிப்பிடியுங்கள். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் கேமராவே ரீடர். அந்தக் கேமரா இல்லையென்றால் காம்பாக்ட் ஃபிளாஷும் எக்ஸ்டியும் சேர்ந்த இரட்டை ஸ்லாட் கேமராக்கள் உதவும்: ஒலிம்பஸ் இ-510, இ-620, ஃபூஜிஃபில்ம் ஃபைன்பிக்ஸ் எஸ்9500 போன்றவை.

கன்ட்ரோலர் இல்லாதது ஒரே ஒரு இடத்தில் வரமாகிறது. முதல் வகைக் கார்டு எதிலும் தெரியாத நிலைக்குப் போனாலும், தரவு மீட்பு நிபுணர் அந்த 18 தொடுமுனை வழியாகவே சில்லில் உள்ளதை அப்படியே நேரடியாகப் படித்து, உபரிப் பகுதியில் உள்ள முகவரிகளைக் கொண்டு பிளாக்குகளை வரிசைப்படுத்திவிடலாம். அந்த வரிசை முறை பகிரங்கமானது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே ஸ்மார்ட்மீடியா, எக்ஸ்டி இரண்டுக்குமான நிரல் இருக்கிறது. கன்ட்ரோலர் செத்த மைக்ரோ எஸ்டியில் இப்படி முடியாது: மேல்பூச்சைச் சுரண்டி, சோதனைப் புள்ளிகளில் மயிரிழைக் கம்பி பற்றவைத்து, அந்தக் கன்ட்ரோலர் தரவை எப்படிக் கலைத்துப் போட்டது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைசியாக, பழைய கேமராப் பெட்டிகளில் அடிக்கடி கிடைக்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு பற்றி. எம்ஏஎஸ்டி-1 என்று அச்சிட்டிருக்கும். எக்ஸ்டி வடிவம், உள்ளே மைக்ரோ எஸ்டி போகும் குழி. ஒலிம்பஸ் தன் கடைசிக்கால எக்ஸ்டி கேமராக்களோடு கொடுத்த அடாப்டர் இது. இதில் ஒரு பேச்சுமுறையை இன்னொன்றாக மாற்றித்தரும் சில்லு எதுவும் இல்லை. மைக்ரோ எஸ்டியின் கம்பிகளை எக்ஸ்டி தொடுமுனைகளுக்கு இழுத்துவிட்டிருக்கிறார்கள். எஸ்டியையும் பேசத் தெரிந்த கன்ட்ரோலர் உள்ள ஒலிம்பஸ் கேமராக்களில் மட்டுமே அது ஓடும். முந்தைய ஒலிம்பஸிலோ எந்த ஃபூஜிஃபில்மிலோ எந்த ரீடரின் எக்ஸ்டி ஸ்லாட்டிலோ செருகினால் ஒன்றும் தெரியாது. கார்டு செத்துவிட்டது என்று பதற வேண்டாம். மைக்ரோ எஸ்டியை வெளியே எடுத்துச் சாதாரண ரீடரில் போட்டாலே படங்கள் வந்துவிடும்.